மகளின் பெயரில் ஒரு வீடு

எங்கள் குடும்பத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தது என் மகள் ஒருத்திதான். ஜெர்மன் அரசாங்கம் உடம்பின் குறையை அளந்து, அளவை எழுதி ஓர் அட்டை கொடுக்கும். அவளுக்கு நூறு. அட்டை தபாலில் வந்த அன்று, "கொப்பன் கணக்குப் பாடத்தில முப்பத்தைஞ்சைத் தாண்டினதில்லை. நீ பார், ஒரே அடியில நூறு" என்றேன். அவள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வாக்குத்தான் விழும்.

பிறக்கும்போது மூச்சு முட்டியதில் அவளுடைய கால்கள் இறுகிப்போய்விட்டன. கைகளில் பலம் உண்டு. பேச்சு மெதுவாக வரும். ஆனால் அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் தன் பக்கத்து முட்டாள்தனம் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடுவார். அதனால் அவளுக்கு ஆட்களைப் பற்றி நல்ல அறிவு.

வுப்பர்டால் நகரத்தில் சமதரை என்பது ஆற்றோரத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் மேடு. நாங்கள் இருந்தது மேட்டில், அதிலும் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில். காலையில் ஒரு வான் வந்து அவளை மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். வான் வாசலுக்கு வரும். வாசலுக்கு அவளைக் கொண்டுபோவது என் முதுகு. பாண் தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தேய்ந்த முதுகு அது. அவள் வளர வளர நான் குறைந்துகொண்டு வந்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயதான அந்தக் குளிர்காலத்தில், இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழுக்கி, அவளோடு சேர்ந்து நாலைந்து படி உருண்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. நான்தான் கீழே கிடந்தேன். "அப்பா, நல்ல மெத்தை நீங்கள்" என்றாள்.

அன்றைக்குத்தான் மனைவி ஹைம், அதாவது பராமரிப்பு இல்லம், என்ற சொல்லை முதன்முதலாக வாயில் எடுத்தாள். எங்கள் ஆட்களுக்கு அது சொல்லக்கூடாத சொல். பிள்ளையை ஹைமில் விடுவது என்றால் கடற்கரையில் விட்டுவிட்டு வருவது மாதிரி. ஆனால் இது அப்படி இல்லை. ஆற்றோரம் புதிதாகக் கட்டின வீடு. எட்டுப் பேருக்கு எட்டு அறை, எல்லாம் தரைத்தளம், அகலமான கதவுகள், இரவும் பகலும் உதவிக்கு ஆள். வேலைக்கூடத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு முதலில் போக ஆசைப்பட்டதே மகள்தான். பொறுப்பாளர், காதில் தோடு போட்ட ஒரு நெட்டையர், கடைசியாக மிஞ்சியிருந்த அறையைக் காட்டினார். ஈஸ்டர் வரைக்கும் அவளுக்காக வைத்திருப்பேன், அதற்குள் செலவை ஏற்றுக்கொள்வதாக அரசாங்கக் கடிதம் வரவேண்டும் என்றார். அந்தச் செலவை என் சம்பளத்தால் தாங்க ஏலாது. என்னுடைய முதலாளியின் சம்பளத்தாலும் தாங்க ஏலாது என்று நினைக்கிறேன்.

இனி வீட்டுக் கதை.

மனைவியின் சீதன வீடு இலங்கையில், வலிகாமம் வடக்கில் இருந்தது. இருந்தது என்றால், காணி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீடு இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வருடமாக அதற்குள் இராணுவம்தான். சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில் மனைவி தனியாக ஊருக்குப் போனாள். முள்ளுக்கம்பி வரைக்கும் போகலாம். அங்கே நின்று பார்த்தால் ஒரு காவலரணும் வடலிப் பற்றையும் தெரிந்தனவாம். அதற்கப்பால் எங்கேயோ வீடு. திரும்பி யாழ்ப்பாணம் போய், நொத்தாரிஸைப் பிடித்து, வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு வந்தாள்.

ஏன் எழுதினாள் என்பதற்குக் காரணம் டோர்ட்முண்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யாருடையதோ பிள்ளை பெரியவளானதற்கான சாமத்தியவீடு. மேடையில் புகை விட்டு, பல்லக்கில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அக்கா என் மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அவளுக்குத் தமிழ் விளங்காது என்ற நினைப்பில் மனைவியிடம் கேட்டார்:

"பாவம். இவவுக்கு எண்டு என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

மனைவி அந்த வருட லீவிலேயே ஊருக்கு ரிக்கெற் எடுத்தாள். வந்த பிறகு எந்த மண்டபத்திலும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள்: "இவவுக்கு வீடு எழுதியாச்சு. ஆறு அறை." மகளுக்கும் சொல்லிச் சொல்லி, அவளும் வேலைக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு ஒரு வீட்டுக்காரி மகள் என்று நானும் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான்.

மாசி மாதம் சமூக உதவி அலுவலகத்தில் டெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்துத் தந்தார்கள். அலுவலகத்துப் பெண்மணி நல்லவர். அதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது, நாலு வசவோடு ஆறியிருக்கும். எங்களைப் பார்க்காமல் மகளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார், அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். என் சம்பளச் சீட்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. வயது வந்த பிள்ளை என்றால் தாய் தகப்பனின் உழைப்பை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை, அவளிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்போம் என்றார். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது.

கேள்விகள் வந்தன. தனியாக எழும்ப முடியுமா? இல்லை. உடுக்க? இல்லை. கடைக்குப் போக? இல்லை. கையெழுத்துத் தவிர வேறு எழுத? இல்லை. சின்ன வயதிலிருந்தே அவள் போன அலுவலகம் எல்லாவற்றிலும் இதே கேள்விகள், இதே பதில். கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தலை தாழ்ந்துகொண்டே போகும். அந்தப் பெண்மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். உதவி தேவை என்பதில் சந்தேகமே இல்லை என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"உங்கள் பெயரில் சொத்து ஏதும் இருக்கிறதா? சேமிப்பு, வாகனம், வீடு?"

மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் ஆம் என்று சொல்ல ஒரு கேள்வி.

"ஆம்" என்று ஜெர்மனில் மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "எனக்கு ஒரு வீடு இருக்கிறது."

நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மனைவி, பேக்கரியில் பாண் வாங்க மட்டும் பாவிக்கிற தன் ஜெர்மனில், ஆறு அறை, கிணறு, பதினெட்டுத் தென்னை என்றாள். சும்மா இருக்க எனக்கு வருமா? செம்மண் காணி, என்ன போட்டாலும் விளையும், கடல் கிட்ட, காற்று நல்ல காற்று என்று காணித் தரகர் மாதிரி அவிழ்த்துவிட்டேன். அந்தப் பெண்மணியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்போது யார் குடியிருக்கிறார்கள்?"

"இராணுவம்" என்றேன்.

"வாடகை தருகிறார்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாடகை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

தொங்கு ரயிலில் திரும்பும்போது மனைவிக்கு ஒரே சந்தோசம்.

"பாத்தீங்களே, வீடு எண்டவுடன அவ எப்பிடி மரியாதையா எழுதினவ?"

"ஓம், ஒரு பக்கம் காணாமல் மற்றப் பக்கமும் எழுதினவ."

"ஒண்டுமில்லாத பிச்சைக்காரர் எண்டு நினைச்சிருப்பினம். இப்ப தெரிஞ்சிருக்கும்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பெண்ணுக்குத் தகுதி பார்க்கிறார்கள் என்றால் அவளுக்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் கைநிறையக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தோம். இங்கே தகுதி பார்ப்பது என்றால் என்ன இல்லை என்று பார்ப்பது. இது எங்களுக்கு மூன்று கிழமை கழித்துத்தான் தெரிந்தது.

கடிதம் மகளின் பெயருக்கு வந்தது, மிக மரியாதையான எழுத்தில். விண்ணப்பதாரர் வெளிநாட்டில் ஆறு அறை கொண்ட வீட்டுக்கும் காணிக்கும் உரிமையாளர். அந்தச் சொத்தை முதலில் பணமாக்கிச் செலவழிக்க வேண்டும். அது முடிந்த பிறகு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தென்னைமரங்களையும் விடாமல் எழுதியிருந்தார்கள்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"அந்த வீட்டை விற்க முடியாது" என்றேன்.

"ஏன்? சமாதானப் பேச்சு நடக்கிறது என்று பத்திரிகையில் படித்தேனே?"

"நடக்கிறது. பேச்சு வேறு இடத்தில் நடக்கிறது. வீடு அங்கே இருக்கிறது."

"ஒருவர் தானே குடியிருக்கிற சிறிய வீடு என்றால் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை" என்றார், உதவி செய்கிற குரலில். "உங்கள் மகள் அதில் வசிக்கவில்லையே."

அதாவது அவள் அங்கே போய் இராணுவத்தோடு குடியிருந்தால் இங்கே உதவிக்குத் தகுதி. அங்கே குடியிருந்தால் இங்கே விண்ணப்பிக்க மாட்டாள். இதை நான் அவருக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன். அவர் யோசித்துவிட்டு, "ஆம், அது ஒரு சிக்கல்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

"திரும்ப மனைவியின் பெயருக்கு எழுதினால்?"

"அது அன்பளிப்பு. பத்து வருடம் வரை அன்பளிப்பைத் திருப்பிக் கேட்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. செய்யாதீர்கள். வீட்டுக்குள் போக முடியாது என்பதற்கு ஓர் அத்தாட்சி கொண்டுவாருங்கள். படமும் இருந்தால் நல்லது."

யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியின் தமையனுக்கு ரெலிபோன் எடுத்தோம். மனைவி விசயத்தைச் சொல்லிக்கொண்டு வர, மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது எனக்கே கேட்டது. றிசீவரை வாங்கினேன்.

"மச்சான், விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுக்கேலுமோ?"

"கடிதம் எடுக்கலாம். அவர் பாவம், கடிதம் குடுக்கிறதைத் தவிர அவருக்கும் வேறை வேலை இல்லை. அவற்ற வீடும் அதுக்குள்ளதான்."

"வீட்டின்ர படம் ஒண்டும் வேணுமாம்."

"என்ன?"

"போட்டோ."

"டேய், உனக்கு அங்க குளிரில மூளை விறைச்சுப்போச்சோ? அந்தப் பக்கம் கமராவோட போனா வீட்டின்ர படம் வராது. என்ர படம்தான் வரும், பேப்பரில, கீழ கண்ணீர் அஞ்சலி எண்டு போட்டு."

கிராம அதிகாரியான விதானையாரின் கடிதம் பங்குனி நடுப்பகுதியில் வந்தது. அதைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனாக்கி, கையில் கொண்டுபோனேன். இந்தக் காணி இன்னாருக்குச் சொந்தமானது என்றும், பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால் உரிமையாளர் அங்கே போக அனுமதி இல்லை என்றும் முத்திரை குத்தி எழுதியிருந்தார். அலுவலகப் பெண்மணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"மிக நல்லது. உரிமை உறுதியாகிவிட்டது."

"போக முடியாது என்றும் எழுதியிருக்கிறது."

"இப்போதைக்குப் போக முடியாது. அப்படித்தான் எழுதியிருக்கிறது."

விதானையாருக்கு நல்ல மனசு. 'தற்போது' என்று ஒரு சொல் போட்டிருந்தார். நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அந்த ஆட்கள் வருடக்கணக்காக ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை வுப்பர்டால் வரைக்கும் வந்து என் மகளின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.

அந்தப் பெண்மணி கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். சொத்து இருந்தும் உடனே விற்க முடியாதவர்களுக்குச் செலவைக் கடனாகக் கொடுக்கலாம். வீடு எப்போது கைக்கு வருகிறதோ, அப்போது அதிலிருந்து அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வீட்டைக் கடனுக்குப் பொறுப்பாக வைத்து மகள் கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்துக்கு அவரே எழுதுவார். "ஆனால் கெதியாகச் செய்யுங்கள்" என்றார். ஈஸ்டருக்கு இரண்டு கிழமை இருந்தது.

நான் ஓடி வந்து சொன்னேன். மனைவி அடுப்பை நிறுத்தினாள்.

"என்ர பிள்ளைக்கு எழுதின வீட்டைக் கொண்டுபோய் ஜெர்மன்காரனுக்கு ஈடு வைக்கிறதோ?"

"இப்ப ஆமிக்காரன் சும்மா வச்சிருக்கிறான். இவன் காசாவது தாறான்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி. நாளைக்கு நாங்கள் இல்லாத காலத்தில அவளுக்கு எண்டு என்ன இருக்கு? ஆர் கேட்டாலும் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கேக்கிற ஆக்கள் வந்து அவளைத் தூக்கி இறக்குவினமோ?"

"அது என்ர அப்பா கட்டின வீடு. கையெழுத்துப் போட நான் விடன்."

இது ஒரு நாள் சண்டை இல்லை. பத்து நாள் நடந்தது. சாப்பிடும்போது, உடுப்புக் காயப்போடும்போது, மகளைக் குளிக்க வார்க்கும்போது. எங்கள் குளியலறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. நான் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு வெளியே வருவேன், மனைவி வார்ப்பாள். கதவு திறந்தபடி இருக்க, உள்ளே இருந்து அவளும் வெளியே இருந்து நானும் சண்டை பிடிப்போம். நடுவில் மகள் சோப்பு நுரையோடு இருப்பாள்.

பத்தாம் நாள் மகள் கேட்டாள்: "அம்மா, என்ர வீட்டுக்கு வாசலில எத்தனை படி?"

மனைவி முகம் மலர்ந்தாள். வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் போதும்.

"அஞ்சு படி. உயரமாத்தான் அப்பா அத்திவாரம் போட்டவர். மாரிக்கு வெள்ளம் ஏறாது."

"கக்கூஸ்?"

"அது பின் வளவில. கிணத்தடியைத் தாண்டிப் போகவேணும்."

"குளிக்கிறது?"

"கிணத்தடியிலதான். நல்ல குளிர்த் தண்ணி…"

அந்த இடத்தில் மனைவி நின்றுவிட்டாள். மகள் சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் உடம்பு முழுவதும் இழுக்கும், நிறுத்த ஏலாது.

"அப்ப ஆமி போனாலும் நான் உள்ள போக ஏலாது" என்றாள். "அந்தப் படி ஏற ஆமிக்காரனுக்குத்தான் ஏலும்."

ஊரில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படிகளில் எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்போம். வீட்டை அவள் பெயருக்கு எழுதும்போதும் சரி, மண்டபம் மண்டபமாகச் சொல்லித் திரியும்போதும் சரி, அவளை அந்த வாசலில் வைத்து ஒருதரமும் யோசித்துப் பார்க்கவில்லை. ஆறு அறை இருக்கிறது என்று சொல்வதற்கான வீடு அது. மனைவி சோப்பை வைத்துவிட்டு, நனைந்த கையோடு குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு, "கொண்டுவாங்கோ கடதாசியை" என்றாள்.

மகள் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்துப் பெரிது, கோட்டைத் தாண்டிப் போகும். பத்திரம் மேலிடத்துக்குப் போனது. மேலிடத்தில் ஈஸ்டர் லீவு.

ஈஸ்டர் முடிந்து நாலாம் நாள் நெட்டையர் தொலைபேசி எடுத்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்களாம், அறையை வெறுமையாக வைத்திருக்க விடமாட்டார்களாம். மிகவும் வருந்துகிறேன் என்றார். அதற்கு இரண்டு கிழமை கழித்துச் செலவை ஏற்றுக்கொள்ளும் கடிதம் வந்தது. தகுதி வந்துவிட்டது, இடம் போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தார்கள். யாராவது செத்தால் அல்லது கலியாணம் கட்டினால் இடம் வரும் என்று நான் சொல்ல, மகள், "எட்டுப் பேரும் இருபது முப்பது வயசு, அப்பா. கலியாணத்துக்குத்தான் நேர்த்தி வைக்கவேணும்" என்றாள்.

அறை கிடைத்தது அவளோடு வேலைக்கூடத்தில் இருக்கிற ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, பெயரில் ஒரு சதமும் இல்லை. விண்ணப்பம் போட்ட வேகத்தில் சரிவந்துவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளைமேல் வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது. ஒன்றுமில்லாத ஒரு அநாதைப் பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். மகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கோப்பிக்குக் கூப்பிட, எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். மனைவி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு. சுவரில் குதிரைப் படங்கள். நாங்கள் காட்டிக்கொள்ளாமல் அறையை அளந்துகொண்டிருந்தோம். நடுவில் மகள் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள். நான் பழக்கத்தில் தூக்குவதற்கு எழும்பினேன். கதவு அகலமானது, நாற்காலி தாராளமாக உள்ளே போனது. அவள் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள். பிறகு பூட்டுகிற சத்தம் கேட்டது.

மனைவி ஓடிப்போய்க் கதவடியில் நின்றாள்.

"பிள்ளை, திற. நான் வாறன். தனிய ஏலாது உனக்கு."

"வராதேங்கோ, அம்மா. இஞ்ச பிடிக்கக் கம்பி இருக்கு."

அந்த ஜெர்மன் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரோல்ஸ் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது, மனைவி கதவுப்பிடியைப் பிடித்தாள். பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம். இருபத்திரண்டு வயதில் அவள் எங்கள் முகத்துக்கு முன்னால் சாத்திய முதல் குளியலறைக் கதவு அது, அதுவும் அடுத்தவருடைய அறையில். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

வெகுநேரம் தண்ணீர் ஓடியது. அவள் அவசரப்படவே இல்லை. மனைவி கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் பூட்டுத் திறந்தது. மகள் ஈரக் கையோடு வெளியே வந்து, கோப்பி ஆறிவிட்டதா என்று கேட்டாள். ஆறிவிட்டது. அதைக் குடித்துவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம்.